கராஜுக்குள் நின்ற ஒஸ்ரின்

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொத்தானை அமத்தியதும் சத்தமே இல்லாமல் புறப்படும் கார்களில் ஏறி இறங்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது விளங்காது. கார்த் திறப்பைத் திருகிவிட்டு, எஞ்சின் பிடிக்குமா பிடிக்காதா என்று முழுக் குடும்பமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. உங்கள் வீட்டில் அது வெறும் எரிச்சலாக இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அது பயம். இப்போதும் மகளின் புதுக்காரில் ஏறினால், அவள் பொத்தானை அமத்தும் அந்தக் கணத்தில் எஞ்சின் பிடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். "அம்மா, வை ஆர் யூ ஹோல்டிங் த டோர்?" என்று கேட்பாள். கதவுப் பிடியை நான் பிடித்திருப்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

போன வருடம் ஒரு பழைய ஒஸ்ரின் காரை வாங்கினேன். சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முற்றத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அது நிற்கிறது. "மற்றப் பொம்பிளையள் ஐம்பது தாண்டினா யோகாவுக்குப் போகினம், இவ காருக்கடியில போறா" என்று கணவர் வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். போன மாதம் எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் அதன் ஸ்ராட்டர் மோட்டரைக் கழற்ற வேண்டி வந்தது. வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் நானே கழற்றினேன். நிலத்தில் மல்லாந்து கிடந்து கடைசி ஆணியைத் தளர்த்தியபோது, எரிந்த கரியும் பழைய எண்ணெயும் கலந்த ஒரு மணம் முகத்தில் இறங்கியது. அவ்வளவுதான். ஸ்பானரைப் போட்டுவிட்டு வெளியே ஊர்ந்து வந்து புல்லில் இருந்துவிட்டேன். ஒன்பது வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க என்னோடு இருந்த மணம் அது.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் செவன் ஹில்ஸில் இருந்தோம். அதற்கு முன் லிட்கம்மில் ஒரு மாடிக் குடியிருப்பின் ஒற்றை அறையில் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான் என்று நாலு பேரும் நெருக்கியடித்துக் கிடந்தோம். செவன் ஹில்ஸில் வாடகை வீடு பார்க்கப் போன அன்று, வீடு காட்ட வந்தவர் குசினியைக் காட்டினார், குளியலறையைக் காட்டினார். அப்பா வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. வெளியே நின்று றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், இந்தச் சரிவைப் பாத்தனீரே? பிறேக்கை விட்டா தானா உருளும். கியரைப் போட்டுக் கிளச்சை விட்டா எஞ்சின் பிடிச்சிடும்."

"குசினிக்க தண்ணி வருதோ எண்டு பாத்தனீங்களே?" என்றார் அம்மா.

"தண்ணி எங்கையும் வரும். இப்பிடிச் சரிவு எங்கை வரும்?"

இப்படித்தான் அந்த வீட்டுக்குக் குடி போனோம். அப்பாவின் கவலையில் ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் உயிருக்குப் பயந்து விட்டுவந்த எங்கள் ஊர் உள்ளங்கை போலச் சமதரை. அங்கே கார் நின்றுவிட்டால் தேத்தண்ணிக் கடையிலிருந்து நாலு பேர் எழும்பி வருவார்கள். சைக்கிளில் போகிறவர்கள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து தள்ளுவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. சிட்னியில் எங்கள் தெருவில் வெட்டிய புல்லும் மூடிய திரைச்சீலைகளும்தான் இருந்தன. ஆட்கள் இல்லாத இடத்தில் ஒரு சரிவாவது இருக்கட்டும் என்று அப்பா நினைத்தார்.

காரை லிட்கம்மில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் வாங்கியிருந்தார். வெளிர் நீலம். சிவப்புத் தோல் இருக்கைகள், வெயிலில் வெடித்து உள்ளே பஞ்சு தெரியும். ஓடாத ஒரு மணிக்கூடு. ஊரிலும் அப்பாவிடம் இதே ஒஸ்ரின்தான் இருந்தது. "இதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்" என்பார். இந்த நாட்டில் அப்பாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே பொருள் அந்தக் கார்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

எனக்குத் தொய்வு, மூச்சிழுக்கும் வருத்தம். ஊரில் அது மழைக்காலத்தில் வந்து போகும் ஒரு இழுப்பு. அம்மா நெஞ்சில் விக்ஸ் பூசி, மங்கித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டால் விடிய அடங்கிவிடும். இங்கே வந்தபின் அது வேறு குணம் எடுத்தது. புல்லுப் பூக்கும் காலத்தில் ஒருமுறை, குளிர் தொடங்கியதும் இன்னொருமுறை, நகமெல்லாம் நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டாம் முறை அங்கேயிருந்த டொக்டர் அப்பாவை நேரே பார்த்து, இனி இப்படி வந்தால் யோசிக்க வேண்டாம், உடனே அம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அம்மாவிடம் சொன்னார்: "அம்புலன்சும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கார் இருக்குத்தானே."

ஏன் என்று சொல்கிறேன். அப்போது எங்கள் விசாவுக்கு முடிவு வரவில்லை. லிட்கம்மில் எங்கள் குடியிருப்பின் கீழ்மாடியில் இருந்த அன்ரி ஒருவர், அம்புலன்சைக் கூப்பிட்டால் பின்னாலேயே பொலிசும் வரும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் எடுப்பார்கள், அது நேரே விசாக் கந்தோருக்குப் போகும் என்று சொல்லியிருந்தார். யாரோ ஒரு குடும்பத்தை அப்படித்தான் அனுப்பினார்களாம். எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. சீருடையோடு வாசலில் வந்து நிற்கிறவர்களைப் பற்றி எங்களுக்கு ஏற்கனவே தெரிந்தது போதுமாக இருந்தது. எங்களுக்கு விசா பிறகு கிடைத்தது. அதற்கும் அம்புலன்சுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. அன்ரி பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். பயந்து போயிருந்த நாலு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிச் சொல்லி வளர்த்த கதை அது.

ஆக, என் மூச்சு நின்றால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த ஒஸ்ரின் ஒன்றுதான் இருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு காலையும் அப்பா வேலைக்குப் போகத் திறப்பைத் திருகும்போது, போர்வைக்குள் கிடந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். பிடித்துவிட்டால் அன்றைக்கு நான் சாகமாட்டேன் என்று அர்த்தம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைவிட எளிமையான கணக்கு வேறு இல்லை.

குளிர் கூடக் கூட அந்தச் சத்தம் மாறியது. முன்பெல்லாம் திறப்பைத் திருகியதும் ஒரு உறுமலோடு எஞ்சின் பிடிக்கும். பிறகு "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. திரும்பத் திருகினால் திரும்பவும் "டக்." அப்பா பிறேக்கை விட்டு, சரிவில் உருட்டி, கிளச்சை விட்டுத்தான் போவார். கார் குலுங்கிப் பிடிக்கும் வரை நான் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பற்றரி போயிட்டுது" என்றார் அப்பா.

"இல்லை அண்ணை, ஸ்ராட்டர்" என்றார் சித்தப்பா. "உள்ளுக்க கறண்ட் குடுக்கிற கரி தேஞ்சிருக்கும்."

"உனக்கு என்ன தெரியும்? குளிருக்குப் பற்றரி விறைச்சுப் போகும்."

இந்தச் சண்டை பல நாள் நடந்தது. கடைசியில் சித்தப்பா ஒரு சோதனை வைத்தார். காரின் முன்விளக்குகளைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருக வேண்டும். விளக்கு மங்கினால் பற்றரியில் வலு இல்லை. மங்காமல் அப்படியே எரிந்தால் பற்றரி நன்றாக இருக்கிறது, ஸ்ராட்டர்தான் மின்சாரத்தை எடுக்கவில்லை. விளக்கைப் பார்க்க என்னைக் காருக்கு முன்னால் நிறுத்தினார்கள். பின்னேர வெளிச்சத்தில் அந்த இரண்டு மஞ்சள் கண்களும் என்னையே பார்த்தன. அப்பா திருகினார். "டக்." நான் கண்ணிமைக்கவில்லை.

"மங்குதோ பிள்ளை?"

"மங்கேல்லை!"

சித்தப்பா ஒரு சுத்தியலை எடுத்துப்போய் எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த ஸ்ராட்டர் உருளையில் மெதுவாகத் தட்டினார். அப்பா திருகினார். பிடித்தது. தேய்ந்த கரி ஒருமுறை அசைந்து கொடுத்திருக்கிறது. அப்பாவுக்கு முகம் கறுத்தது. என்றாலும் அதற்குப் பிறகு பற்றரி என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அதைக் கழற்றினார்கள். பற்றரி வயரை முதலில் கழற்ற மறந்து சித்தப்பா ஸ்பானரை வைத்தபோது நீல நிறத்தில் ஒரு பொறி பறந்தது. நான் கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அம்மா பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்தார். அதன்மேல் ஸ்ராட்டரை வைத்துப் பிரித்தார்கள். அதற்குள்ளிருந்துதான் அந்த மணம் வந்தது. மணந்த உடனே என் நெஞ்சு இறுகியது. ஆனாலும் விலகிப் போக முடியவில்லை. என் உயிர் அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே.

விரல் நீளத்துக்கு இருக்க வேண்டிய கரித்துண்டுகள் நகத்தளவில் தேய்ந்திருந்தன. அவை உரசும்படி சுழலும் செம்பு வளையம் அடுப்படிச் சட்டி போலக் கறுத்திருந்தது. அப்பா என் சுட்டுவிரலைப் பிடித்து அச்சுத்தண்டில் வைத்து ஆட்டிக் காட்டினார். பால்பல் ஆடுவதுபோல ஆடியது. "பாத்தியே, இவ்வளவு ஆடக் கூடாது" என்றார். இதைத் திருத்த முடியாது, வேறொன்று போடவேண்டும் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அதுவரை நான் அறிய அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விடயத்தில்தான்.

ஒரு பிழையும் அன்றைக்குத்தான் நடந்தது. ஸ்ராட்டரின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. திறப்பைத் திருகியதும் அது பாய்ந்து, எஞ்சினோடு சேர்ந்த ஒரு பெரிய சக்கரத்தின் விளிம்புப் பற்களைக் கவ்விச் சுற்றிவிடும். சின்னது தேய்ந்தால் பெரியதும் தேய்ந்திருக்கும். சித்தப்பாவுக்கும் அது தெரியும். ஸ்ராட்டர் இருந்த துவாரத்துக்குள் ரோர்ச் லைற் அடித்துப் பார்த்தார்.

"பல்லெல்லாம் வடிவா இருக்கு அண்ணை."

"வடிவாப் பாத்தனியே?"

"ஓம் ஓம்."

அவர் பார்த்த பற்கள் நல்ல பற்கள்தான். அந்த எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் இரண்டே இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். ஆகவே பற்கள் அந்த இரண்டு இடங்களில் மட்டும் தேயும். வழக்கம்போல நின்றிருந்தால் தேய்ந்த இடம்தான் துவாரத்துக்கு நேரே வந்திருக்கும். ஆனால் அன்று கார் சரிவில் உருண்டு போகாமல் இருக்கக் கியரில் போட்டு நிறுத்தியிருந்தார்கள். வேலை தொடங்க முன் அது ஒரு சாண் முன்னே உருண்டு நின்றது. நானும் அதைப் பார்த்தேன். அந்த ஒரு சாணில் எஞ்சினும் கொஞ்சம் சுழன்று, தேயாத பற்கள் துவாரத்துக்கு வந்துவிட்டன. எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எல்லாப் பற்களையும் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போன மாதம் என் முற்றத்தில் நான் அப்படிச் சுற்றிச் சோக்கட்டியால் அடையாளம் போட்டுப் பார்த்தேன். எதிரெதிராக இரண்டு இடங்கள், எலி கடித்த பாண் துண்டின் ஓரம் மாதிரி இருந்தன. இத்தனை வருடங்களுக்குப் பிறகு அன்று நடந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பழைய கார் உடைக்கும் யாட் ஒன்றிலிருந்து வேறு ஸ்ராட்டர் வந்தது. பூட்டி முடித்து, நாலு ரயர்களுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, நல்ல நேரம் பார்த்து அப்பா திறப்பைத் திருகினார். முதல் தடவையிலேயே பிடித்தது. அவுஸ்திரேலியாவுக்கு வந்தபின் அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எஞ்சினை நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணினார்.

முதல் தடவையில் பிடிப்பது அப்பாவுக்கு ஏன் அவ்வளவு பெரிய விடயம் என்று பிறகு ஒருநாள் அவர் சித்தப்பாவிடம் சொன்னபோது கேட்டேன். ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் அப்பாவை இறக்கி, இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லி நிறுத்தினார்களாம். சோதித்து முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போ என்றார்கள். கார் ஸ்ராட் ஆகவில்லை. ஏன் போகாமல் நிற்கிறாய், காருக்குள் என்ன இருக்கிறது என்று திரும்பவும் இறக்கினார்கள். "அண்டைக்குத் திரும்பவும் கையைத் தூக்கேக்க, இனி இறக்க விடமாட்டாங்கள் எண்டுதான் நினைச்சனான்" என்றார் அப்பா. கதவுக்குப் பின்னால் நின்ற நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தேசிக்காய் நசித்த அன்று பின்னேரம், அப்பா காரைக் கொண்டுபோய்க் கராஜுக்குள் விட்டார். கராஜ் வீட்டுக்குக் கீழே இருந்தது. தெருவிலிருந்து ஒரு பாதை கீழே இறங்கி அதற்குள் போகும். காரின் மூக்கு சுவரைக் கிட்டத்தட்ட முட்டும்வரை உள்ளே விட்டால்தான் கதவு மூடும்.

"ஏன் உள்ளுக்க விடுறியள்? சரிவிலயே நிக்கட்டுமே" என்றார் அம்மா.

"இனி என்னத்துக்குச் சரிவு? புது ஸ்ராட்டர் போட்டிருக்கு. அது வெளியில கிடந்து நனையிறதே?"

எஞ்சினை முன்பக்கத்திலிருந்து கையால் சுற்றி ஸ்ராட் பண்ணும் வளைந்த இரும்புக் கம்பி ஒன்றும் காரோடு வந்திருந்தது. அதையும் கராஜ் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினார். இனி அது தேவையில்லை என்றார். அந்தக் கம்பி பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது எங்காவது கண்டால் கையில் எடுப்பேனா என்றும் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் புதுச் சத்தம் ஒன்று தொடங்கியது. இரும்பை இரும்பு கடிப்பது போல "கர்ர்ர்" என்று. கேட்டால் பல் கூசும். அப்பா விட்டுவிட்டு இன்னொரு தடவை திருகுவார், பிடிக்கும். "புதுச் சாமான். பல்லோட பல் பழக வேணும்" என்றார். சித்தப்பாவும் ஓம் என்றார். எனக்கு அது பழகுகிற சத்தமாகக் கேட்கவில்லை. எதையோ சாப்பிடுகிற சத்தமாகக் கேட்டது. வலுவான புது மோட்டர் தேய்ந்த பற்களைத் தினமும் காலையில் இன்னும் கொஞ்சம் கடித்துத் தின்றுகொண்டிருந்தது என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு நான் சொல்லியிருந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மேற்கிலிருந்து காய்ந்த குளிர்காற்று அடித்தது. சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருந்து பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தேன். முதலில் நெஞ்சுக்குள் ஒரு விசில். பிறகு தோள்கள் தாமாக மேலே ஏறின. அம்மா திரும்பிப் பார்த்தார். என் கழுத்துக் குழி உள்ளே போய்வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மூச்சு மருந்துப் பம்பை என் வாயில் வைத்து அடித்தார். ஒன்றும் வரவில்லை. குலுக்கித் திரும்ப அடித்தார். அது முடிந்திருந்தது.

"இஞ்சருங்கோ! பிள்ளைக்கு ஏலாமல் வருது! காரை எடுங்கோ!"

அப்பா என்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு படியிறங்கி, கராஜில் நின்ற காரின் பின் இருக்கையில் கிடத்தினார். கராஜ் கதவைத் திறந்துவிட்டார். முன்னால் ஏறினார். விளக்கைப் போட்டார். திறப்பைத் திருகினார்.

கர்ர்ர்ர்.

"பிடி, பிடி" என்றார் அப்பா. திரும்பத் திருகினார். கர்ர்ர்ர். மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. மூன்றாவது தடவை அந்தச் சத்தமும் இல்லை. "டக்." அதன்பின் அமைதி. சின்னச் சக்கரம் தேய்ந்த பற்களுக்குள் போய் இறுகிவிட்டது.

அப்படி இறுகினால் காரைக் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். அப்பாவுக்கு அது தெரியும். ஆனால் முன்னால் சுவர், பின்னால் ஏற்றம். அப்பா இறங்கி முன்பக்கத்துக்கு நெருக்கிப் புகுந்து, சுவரில் முதுகைச் சாத்திக் காலால் உதைத்துத் தள்ளினார். கார் ஒரு சாண் பின்னே போய், திரும்ப முன்னே வந்து அதன் ஒரு மூலை சுவரில் மோதியது. அப்பா கத்தினார். கால் நசிந்ததோ, கோபமோ தெரியாது. ஆணியில் மாட்டியிருந்த அந்தக் கம்பி ஆடியது. காரின் விளக்கு வெளிச்சத்தில் அது பளபளவென்று தெரிந்தது. அதை எடுத்து மாட்டிச் சுற்றலாம். ஆனால் அதை நுழைத்துச் சுற்றக் காருக்கு முன்னால் இடம் வேண்டும். இருந்த இடம் அப்பாவின் உடம்புக்கே போதவில்லை.

நான் மட்டும் பின் இருக்கையில். ஊராக இருந்தால் நாலு பேர் வந்திருப்பார்கள். நான் சாகப் போகிறேன் என்று தெளிவாக நினைத்தேன். அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டும்.

காருக்குப் பக்கத்தில் நின்ற அம்மா படியேறி ஓடினார். கராஜிலிருந்து ஏறும் படிகளின் மேலே, குசினிச் சுவரில் ரெலிபோன் இருந்தது. குசினிக் கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அப்பா பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஓடிப்போய்த் தன் கையை ரெலிபோனுக்கு மேல் வைத்தார். கிறீஸ் பூசிய கறுத்தக் கை.

"ரெலிபோன் அடியாதையும்! அவங்கள் வந்தா எல்லாத்தையும் கேப்பாங்கள்."

"கேக்கட்டும்."

"எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்!"

"அனுப்பட்டும். என்ர பிள்ளையை உயிரோட அனுப்பட்டும். கையை எடுங்கோ."

அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கையை உடனே எடுக்கவில்லை. அந்தக் கை அங்கே இருந்த நேரத்தை நான் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. கலியாணம் முடித்து, எனக்கே பிள்ளை பிறந்த பிறகும் மன்னிக்கவில்லை. அப்பாவுக்கு என்னைவிட விசாதான் பெரிது என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், பிறகு அதைக் கழற்றுவது லேசல்ல.

அப்பா திரும்பிக் காருக்குள் கிடந்த என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"மை டோட்டர். நோ பிறீதிங். பிளீஸ் கம்" என்றார் அம்மா ரெலிபோனில். விலாசத்தைச் சொன்னார். அவர்கள் கேட்டிருப்பார்கள், திரும்பவும் சொன்னார். பிறகு ஓடிவந்து காருக்குள் ஏறி என்னை நிமிர்த்தி மடியில் சாத்திக்கொண்டார். அவரின் நெஞ்சு என் முதுகில் அடித்தது. அப்பா கார் யன்னலுக்குக் குனிந்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"நீர் பிள்ளையோட போம். என்னை அவங்கள் கொண்டுபோனா தம்பியிட்டச் சொல்லும். நீர் மட்டும் அம்புலன்சை விட்டு இறங்கப்படாது. என்ன நடந்தாலும் பிள்ளையை விட்டிட்டு இறங்கப்படாது."

சொல்லிவிட்டு அந்த ஏற்றத்தில் நடந்து மேலே போனார். காரின் பின்கண்ணாடி வழியாக அவர் போவதைப் பார்த்தேன். முதலில் தலை வெளிச்சத்துக்குள் போனது, பிறகு முதுகு. அப்பா எங்களை விட்டுவிட்டு ஓடிப் போகிறார் என்று நினைத்தேன். அன்று நான் பட்ட பயங்களில் அதுதான் பெரியது. மூச்சு வராத பயம்கூட அதற்குக் கீழேதான்.

தூரத்தில் சைரன் கேட்டது. கிட்ட வந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறினார். மேலே வந்ததும்தான் கண்டோம். அப்பா ஓடவில்லை. தெருவின் நடுவில் நின்றார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே, விரல்களை விரித்துத் தூக்கி வைத்திருந்தார். அம்புலன்ஸ் நேரே அவரை நோக்கி வந்தது. அவர் அசையவில்லை. யாரும் கேட்கும் முன்பே, எங்களுக்கு முன்னால் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

அம்புலன்ஸ் ஓட்டியவர், இந்த ஆள் எங்களுக்கு வழி காட்டுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். தானும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நிறுத்தினார். பின்னால் பொலிஸ் வரவில்லை. தெருவில் வேறு ஒரு வாகனமும் இல்லை. பின்கதவால் சீருடை போட்ட ஒரு பெண் குதித்து இறங்கினார். அப்பாவைத் தாண்டி ஓடிவந்து, என் முகத்தில் ஒரு மூடியை வைத்து, குளிர்ந்த புகையை உள்ளே விட்டார். "குட் கேர்ள், குட் கேர்ள்" என்றார். யாருடைய பெயரையும் அவர் கேட்கவில்லை.

அப்பாவின் கைகள் இன்னும் இறங்கவில்லை. கண்கள் என்னைப் பார்த்தபடி இருந்தன. கைகள் தம்பாட்டில் மேலே நின்றன. இறக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். என் முகமூடியிலிருந்து குழாய் போகும் அந்த ஒட்சிசன் சிலிண்டரைத் தூக்கி, அப்பாவின் உயர்ந்து நின்ற கைகளுக்குள் வைத்தார். "ஹோல்ட் திஸ் ஃபோர் அஸ், டாட்" என்றார்.

அப்பா கைகளை இறக்கி அதை வாங்கினார். கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களோடு ஏறினார். வழி முழுக்க அதன் அளவு முள்ளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய கறுத்த விரல் அடையாளங்கள் அந்தச் சிலிண்டர் முழுக்கப் பதிந்திருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் அதைத் திருப்பிக் கேட்டபோதுதான் அப்பா அழுதார்.